ஷவுகத் பாயின் டாப் டென் பலகை

கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட் பக்கம் திரும்பினால் மூன்றாவது கடை ஷவுகத் அலியுடையது. வெற்று கேசட்டைக் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தருகிற கடை. அதற்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, பெயிண்டரும் கலர் கலராக எழுதித்தான் இருந்தார். ஆனால் அந்தப் பெயரை ஒரு ஆள்கூடச் சொன்னதில்லை. பலகைக் கடை என்றால் ஆவடி வரைக்கும் தெரியும்.

பலகை வாசலிலேயே தொங்கியது. மேலே 'எக்காலத்துக்கும் டாப் டென்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒன்று முதல் பத்து வரை ஆல்பங்களின் பெயர்கள் சாக்பீஸில். தமிழ் சினிமா கேசட்டும் இருக்கும், கஜலும் இருக்கும், வெளிநாட்டு ராக்கும் இருக்கும். இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாததால் அட்டைப் படத்தை வைத்தே ஆல்பத்துக்குப் பெயர். 'எரியுற குடை' நாலு வருஷமாக முதலிடம். 'மூணு கழுதை' ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பலகையில் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்துக் கிடார்க்காரர்கள் எல்லாம் கடை பெஞ்சில் கூடுவார்கள். ஆவடியிலிருந்து பரந்தாமன் ரயிலேறி வருவார், அயனம்பாக்கத்திலிருந்து தங்கவேல் சைக்கிள் மிதித்து வருவார். ஒரு கேசட்டை இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் டீ கூடாது, பேச்சு கூடாது. பிறகு சண்டை போடலாம், எவ்வளவு வேண்டுமானாலும். கடைசியில் சாக்பீஸை எடுப்பவர் ஷவுகத் அலி மட்டும்தான், அவர் எழுதினால் எழுதினதுதான்.

ஊர் ஏன் அவர் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தது? அவருடைய மச்சான் ஒருவர் ஒரு பக்தி கேசட்டில் பாடிவிட்டு, பத்தாவது இடமாவது கொடுங்கள் என்று கேட்டார். ஷவுகத் அலி இரண்டு பக்கமும் கேட்டார். "குரல் நல்லா கீது, பாட்டு நல்லா இல்ல" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ரம்ஜானுக்கு மாமியார் வீட்டு பிரியாணி வரவில்லை. மனுஷன் அசரவில்லையே!

அவரும் கிடார்க்காரர்தான். பூந்தமல்லியில் மெத்தை தைக்கும் பஷீர் அகமதுவின் மூத்த மகன். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாமல், கேட்டுக் கேட்டே கையைப் பழக்கியவர். 'கொரட்டூர் இன்னிசை நண்பர்கள்' என்ற மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் தலைவர், அவர்தான் லீட் கிடார். காதால் வளர்ந்த ஆள் என்பதால் காது விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்று மனைவி ரோஷன் பேகம் சொல்வாள்.

தொண்ணூற்று நாலில் ஊரெல்லாம் ராப் பேச்சாக இருந்தது. சினிமாவிலேயே வந்துவிட்டது. கல்யாண மேடையில்கூடப் பையன்கள் ராப் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். கிடார்க்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. "கிடார் கார்டே இல்லாத பாட்டுக்கு நாம எதுக்கு மாமே? கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கினா அது பாட்டுக்கு ஓடுது" என்றார் பரந்தாமன். அவர் கவலை வயிற்றுக் கவலை, அதைக் குறை சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கஜபதி ஒரு கேசட்டோடு வந்தார். கஜபதிக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு கடைகிற லேத் வேலை, குழுவில் அறிவிப்பாளர் வேலை. கப்பலில் வேலை பார்க்கும் அக்கா புருஷன் கொண்டுவந்த அமெரிக்க ராப் கேசட் அது. வீட்டில் வாக்மேனில் போட்டு ஒரு மாதமாகக் கேட்டு, அதே மாதிரி தானும் எழுதியிருந்தார். ஆயுத பூஜைக்குத் தன் கம்பெனியில் குழுவின் கச்சேரி. அதில் ஒரே ஒரு பாட்டு, தனக்கு. இதுதான் அவர் கேட்டது.

"மொதல்ல பலகைக்கு வைப்போம் பாய். நீ கேட்டுட்டுச் சொல்லு, அப்பால நான் பேசவே மாட்டேன்."

ஞாயிறு காலை கேசட்டைப் போட்டார்கள். பாடுகிறவன் மூச்சே விடாமல் கீச்சுக் குரலில் கொட்டினான். ஒரே கிடார் வரி செக்கு மாடாகச் சுற்றிச் சுற்றி வந்தது. தங்கவேல் வாயைப் பொத்திச் சிரித்தார். ஷவுகத் அலி சட்டப்படி இரண்டு பக்கமும் கேட்டார்.

"இது பாட்டு இல்ல கஜா, ஏலம் உடுறான். மனுசன் குரலா இது? ஒரே வரிய புட்சிகினு நாலு நிமிசம் வாசிக்கிறவனுக்குப் பேரு கிடார்க்காரனா?"

அதோடு விட்டிருக்கலாம். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. பலகையின் அடியில் 'ராப்: தகுதி இல்லை' என்று எழுதிவிட்டார். கஜபதி அதைப் படித்தார். "சரி பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேசட்டைக்கூட எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஒத்திகைக்கும் வரவில்லை.

மூன்றாவது வாரம், கேசட்டையாவது கொண்டுபோய்க் கொடுப்போம் என்று ஷவுகத் அலி அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். வீட்டில் அப்போதுதான் துபாயிலிருந்து தம்பி அனுப்பிய டேப் ரெக்கார்டர் வந்து இறங்கியிருந்தது. ரோஷன் பேகம் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷவுகத் அலி பாதிக் கவளத்தோடு நிமிர்ந்தார்.

அடி வயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல். ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் நின்று, உட்கார்ந்து, எழுந்தது. அதே கிடார் வரிதான், ஆனால் இப்போது அது நடந்து வந்தது. நன்றாக இருந்தது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்குப் பகீரென்றது.

கையைக் கழுவிவிட்டுக் கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடை மெஷினில் கேட்டுச் சேர்த்த சுதியில் கம்பிகள் இருந்தன. டேப்போடு ஒட்டவில்லை, அரை சுரம் தள்ளி நின்றது. கரண்ட் குறைவோ என்று பேட்டரி போட்டுப் பார்த்தார், அப்போதும் அதேதான். கேசட் அட்டையில் முதல் பாட்டுக்கு நாலரை நிமிஷம் என்று அச்சடித்திருந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். நாலரை நிமிஷம் சரியாக ஓடியது. மறுநாள் கடை மெஷினில் அதே பாட்டு நாலேகால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மெஷினைத் திறந்தார். உள்ளே மோட்டார் முனையில் பெல்ட்டைச் சுழற்றுகிற பித்தளைப் புல்லி பளபளத்தது. பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த மெஷினில் ஓட்டித்தான் எல்லாக் கேசட்டுக்கும் பதிவார். எண்பத்தெட்டில் அதன் மோட்டார் போய்விட்டது. வேறு மோட்டார் கிடைத்தது, அதற்குப் பொருந்துகிற புல்லி கிடைக்கவில்லை. மற்ற ஊராயிருந்தால் கடை கடையாய் அலைந்திருப்பார்கள். அம்பத்தூர் பக்கம் அந்தக் கவலை யாருக்கும் கிடையாது, தெருவுக்குத் தெரு லேத்காரன் உண்டு. கஜபதி சாப்பாட்டு நேரத்தில் பழைய புல்லியைப் பார்த்துப் புதுசாகக் கடைந்து கொடுத்தார். அளவெடுக்கும்போது ஷவுகத் அலிதான் சொன்னார்: "ஒரு அரை மில்லி கூட வெச்சிக் கட கஜா, தேஞ்சாலும் தாங்கும்." தேய்மானத்துக்கு விடுவது லேத் உலகத்தில் புத்திசாலித்தனம். டேப் உலகத்தில் அந்த அரை மில்லி டேப்பை வேகமாகச் சுற்றவைத்து எல்லாப் பாட்டையும் அரை சுரம் தூக்கிவிட்டது. மோட்டார் மாற்றின அன்றைக்கு, பாட்டெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது என்று அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஆறு வருஷம்! பலகையில் ஏறினவை, இறங்கினவை, பதிந்து கொடுத்த ஆயிரக்கணக்கான கேசட்டுகள், அதைக் கேட்டுச் சுதி சேர்த்த அத்தனை கிடார்களும் ஏறுமாறு. மேடையில் பாடுகிறவருக்குத் தகுந்தபடி சுதி மாற்றுவது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரேடியோவில் அதே பாட்டு இறங்கி ஒலித்தால் ரேடியோவைத் திட்டினார்கள். கஜபதிகூடத் தன் வாக்மேனில்தான் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தார். கொரட்டூரில் மட்டும் ஏன் கிடார்க் கம்பி இப்படி அறுந்து தொலைக்கிறது என்று அலுத்துக்கொண்டவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

ரோஷன் பேகத்திடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை, அதற்கே அவர் நன்றி சொல்ல வேண்டும்.

"உங்க கடை கேசட்டுல ஆம்பள பாடினாலும் பொம்பள மாதிரி கீதுன்னு நான் அப்பவே சொல்லல? இன்னா சொன்னீங்க? காது பழவணும்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப இன்னா செய்யப் போறீங்க? ராவோட ராவா புல்லிய மாத்திடுங்க. யார் வந்து கேக்கப் போறா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினைந்து வருஷமாக அவர் சேர்த்தது அந்தப் பலகையின் பேரைத்தான். காது போன ஆள் என்று ஒரு சொல் கிளம்பினால் கடையும் போகும், குழுத் தலைமையும் போகும். ஆனால் புல்லியை மாற்றினால் மெஷின் சரியாகும், கஜபதியைப் பற்றி எழுதிய வரி சரியாகுமா? அன்றைக்குச் சிரித்த சிரிப்பு திரும்புமா? இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிறைந்ததும் ஈரத் துணியை எடுத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். எரியுற குடையும் போயிற்று, மூணு கழுதையும் போயிற்று. காயும்வரை காத்திருந்து எழுதினார்: 'ஆறு வருடமாக இந்த மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. தப்பு என்னுடையது. பலகை செல்லாது. இங்கே பதிந்த கேசட்டைக் கொண்டுவந்தால் சும்மாவே திரும்பப் பதிந்து தரப்படும்.'

பரந்தாமன் படித்துவிட்டு எகிறினார். "ஆறு வருசமா எங்க கைய முறுக்கி வெச்சிகினு இப்போ தப்புன்ற! நான் ஆவடில போய் எப்டி சொல்லுவேன்? ஏன் பாய், இந்தக் காத வெச்சிகினா எங்க மேல நாட்டாமை பண்ணே?"

ஷவுகத் அலி சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார்.

அன்று பெஞ்சு சீக்கிரம் காலியானது. மறுநாள் அவர் எஸ்டேட்டுக்குப் போய், முதல் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் நின்றார். சைக்கிள்களுக்கு நடுவே கஜபதி வந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி போகப் பார்த்தவரை ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். கஜபதியின் முகம் வெளுத்தது.

"அப்போ என் தலைல நானே மண்ண வாரிப் போட்டுகினேனா? நான் கடைஞ்ச புல்லி பாய் அது!"

"நான் கேட்டத நீ கடைஞ்ச. தப்பு எனுது. எயுதினதும் நான், சிரிச்சதும் நான். மன்ச்சிரு கஜா."

கஜபதி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "அப்ப ராப்பு இப்போ ஒன்னாம் நம்பரா?"

"இன்னும் கேக்கல. மெஷின சரி பண்ட்டு, ரெண்டு பக்கமும் கேட்டுட்டுச் சொல்றேன்."

கஜபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆளைத் திருத்த முடியாது.

புது புல்லியைக் கஜபதியே கடைந்தார், மைக்ரோமீட்டர் வைத்து. பெஞ்சு ஒவ்வொரு ஆளாகத் திரும்ப நிறைந்தது. பரந்தாமன் கடைசியாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஐந்து ஞாயிறுகள் எல்லாவற்றையும் மறுபடி கேட்டார்கள். மூன்று ஆல்பங்கள் பலகையை விட்டே இறங்கின. எரியுற குடை முதலிடத்திலேயே நின்றது, அதில் ஷவுகத் அலிக்கு ஒரு நிம்மதி. ராப் கேசட்டுக்கு அவர் கொடுத்தது ஏழாவது இடம்.

"ஆறு கூட இல்லியா பாய்?"

"ரெண்டாம் பக்கத்துல மூணு பாட்டு சவசவன்னு கீது கஜா."

அந்த ஏழாம் இடத்தைக் கஜபதி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாய் வருத்தத்தில் கொடுத்திருந்தால் ஒன்று கொடுத்திருப்பார், ஏழு என்றால் அது நிஜமான ஏழு என்பார்.

ஆயுத பூஜையன்று சாயந்திரம் கம்பெனி வளாகத்தில் மேடை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது பாட்டு முடிந்ததும் கஜபதி மைக்கைப் பிடித்தார். பின்னால் ஷவுகத் அலி, தான் கேலி செய்த அதே மாதிரி ஒற்றை வரியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது, இது விளையாட்டில்லை என்று. எங்கேயும் ஒரு சுரம்கூட அதிகமாகப் போடாமல், அலுக்காமல், பிசகாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆறு மணி சங்கு ஊதுது, அம்பத்தூரு எயுந்துக்குது, பஸ்ஸு படில ஒத்தக் காலு, பாதி ஊரு தொங்கிகினு போவுது" என்று கஜபதி தொடங்கியதுமே விசில் பறந்தது. ஷிப்ட்டு, கேன்டீன் சாம்பார், சூபர்வைசர் மீசை எல்லாம் வந்தது. கடைசியில் ஒத்திகையில் இல்லாத வரிகள் வந்தன.

"பாயி பலகை பொய்யுன்னு பேசிச்சு இந்த ஊரு, புல்லி கடைஞ்ச கையி எதுன்னு கேட்டுச்சா ஒரு பேரு? அரை மில்லி கூடக் கடைஞ்சவன் நானு!"

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் லேத்காரர்கள். அரை மில்லி என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலையே போகிற தப்பு அது. அதைத் தன் கம்பெனி மேடையில், மேனேஜர் முன்னால், ஒருவன் தன் மேல் போட்டுக்கொள்கிறான். விசிலடித்தவர்கள் மேனேஜர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷவுகத் அலி வாழ்க்கையில் மேடையில் பாடியதில்லை. அவர் பாட்டை நிறுத்தச் சொல்லவுமில்லை, கையைத் தளர்த்தவுமில்லை. வாசித்துக்கொண்டே இரண்டடி முன்னால் வந்து, கஜபதியின் தோளை இடித்துக்கொண்டு மைக்கில் குனிந்து, தாளம் தப்பாமல் சொன்னார்:

"கூட வெச்சிக் கடைன்னு கேட்டவன் நானு!"