சீமாட்டிக்குக் காவல்

எண்பத்தேழில் ரொறன்ரோவில் ஓர் ஓவியக்கூடத்தில் காவல் வேலை செய்தேன். என் பொறுப்பில் இருந்த அறையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுக்களின் படங்கள். நடுச்சுவரில் ஒரு சீமாட்டி, ஆளுயரத்தில். மாவு பூசிய தலைமயிர் புற்றுப்போல எழும்பி நிற்கும். வெள்ளைப் பட்டு உடுப்பு. வாழ்நாளில் ஒரு கோப்பையைக்கூடக் கழுவாத கை. நாள் முழுக்க நான் நிற்பேன், அவள் என் தலைக்கு மேலால் எங்கோ பார்ப்பாள். ஓவியன் பட்டுடுப்பைத்தான் உயிரோடு வரைந்திருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. இருந்தால்தானே வரைவதற்கு.

ஒரு ஞாயிறு அவன் வந்தான். மூன்று வருடங்களுக்கு முன் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் என்னோடு ஒரே மெத்தையில் படுத்தவன். ஒரே உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவியவன். இப்போது காப்புறுதி விற்கிறான், மில்லிக்கனில் சொந்த வீடு. ஊரிலிருந்து புதிதாக வந்த மனைவியையும் இரண்டு விருந்தாளிகளையும் கூட்டி வந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான், சீருடையைப் பார்த்தான், சட்டென்று சீமாட்டியின் பக்கம் திரும்பிவிட்டான்.

"உவதான் இங்கிலாந்து மகாராணி," என்றான் விருந்தாளிகளிடம். யாரோ பிரபுவின் மனைவி என்று படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. "நிக்கிற நிலையைப் பாருங்கோ. உதெல்லாம் பரம்பரையில வாறது. எங்கட சனத்துக்கு வராது."

"உவ என்ன வேலை செய்தவ?" என்று மனைவி கேட்டாள்.

"உவைக்கு என்னத்துக்கு வேலை?"

"அப்ப ஏன் படம் கீறினவை?"

நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பினாள். "அண்ணை, தமிழோ?"

"ஓம் தங்கச்சி, மட்டக்களப்பு. உங்கட அவரும் நானும் ஒரே அறையில இருந்தனாங்கள்."

"ஆள் மாறிச் சொல்கிறீர்கள்," என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். பதற்றத்தில் பின்னால் நகர்ந்தவனின் தோள் படச் சட்டத்தில் முட்டப் பார்த்தது. நானும் ஆங்கிலத்திலேயே, "ஐயா, படத்திலிருந்து தள்ளி நில்லுங்கள்," என்றேன். உடனே தள்ளி நின்றான். மகாராணியைக் கண்டவனுக்கு ஒரு காவற்காரனின் அதட்டல் போதுமாக இருந்தது.

மனைவி என் தொலைபேசி எண்ணைக் கேட்டு, கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டாள். இரண்டு கிழமை கழித்து அவளே சாப்பிடக் கூப்பிட்டாள். அவளுக்காகப் போனேன். நண்டுக்கறி வைத்திருந்தாள். அவன் கடைசிவரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தான். நான் இரண்டாந்தரமும் சோறு போடச் சொல்லி, அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன்.