சொல்லாத முகவரி

தனியார் துப்பறிவாளர் உரிமத்துக்காகப் பயிற்சியில் இருந்தேன். பிரெஞ்சுப் புறநகரான செவ்ரானிலிருந்து வந்த ஓர் அம்மா, வீட்டை விட்டுப் போன தன் மகளைத் தேடித் தரச் சொன்னார். தமிழ் தெரியும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

என் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு லா சப்பலின் தமிழ்க் கடைகளில் விசாரித்தேன். குழந்தையோடு வந்தவளை யாரும் சந்தேகிக்கவில்லை. பக்கத்திலுள்ள மார்க்ஸ் டோர்மோயில் ஒரு வீட்டில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன்.

வயது வந்தவர் சம்மதிக்காமல் அவர் முகவரியைக் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். ஆகவே அம்மாவிடம் முகவரியைக் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"அம்மாவிலை கோபமில்லை அக்கா. நான் இருக்கிற இடம் அவவுக்குத் தெரிஞ்சா அண்ணைக்கும் தெரியவரும். அவர் என்னை உயிரோடை விடமாட்டார். சுகமா இருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அதை மட்டும் சொன்னேன். அந்த அம்மா தள்ளுவண்டியில் இருந்த என் மகளைப் பார்த்தார்.

"உமக்கும் பொம்பிளைப்பிள்ளைதானே. ஒரு நாளைக்கு உமக்கும் ஆரும் இப்பிடி வந்து சொன்னாத்தான், பிள்ளை, விளங்கும்."

எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. அந்த அம்மா இன்னும் லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நின்று, போகிற பெண்களின் முகங்களைப் பார்க்கிறார். அவர் மகளுக்கு அதையும் சொல்லிவிட்டேன். அவள் அந்த வழியால் வருவதில்லை.

செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவரைக் கண்டால், தள்ளுவண்டியின் மூடியை இழுத்து என் மகளின் முகத்தை மறைத்துவிட்டுத்தான் கடந்துபோகிறேன்.