ஊதக் கூடாத நாலு மாதம்

எங்கள் பேண்டில் சைரன் என்று கூப்பிடுகிற ஆள் என் தங்கச்சி புருஷன். முறைக்கு மாப்பிள்ளை. ஆனால் அவளைக் கட்டுவதற்கு ஆறு வருஷம் முன்னாலிருந்தே என் பக்கத்தில் நின்று டிரம்பெட் ஊதியவன் என்பதால் மரியாதை, மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது. வாடா போடாதான். நான் பெரிய டிரம் அடிப்பவன். பகலில் லேத் பட்டறையில் இரும்பு கடைவேன், ஊர்வலம் வந்தால் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவேன். அவனுக்கு அப்படி இன்னொரு வேலை கிடையாது. பத்தொன்பது வயசில் டிரம்பெட்டைக் கையில் எடுத்தவன், நாற்பத்து நாலு வயசு வரைக்கும் அதை ஊதித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், சாயங்காலம் ஊதுவான். அதையே நோட்ஸாக எழுதிக் கொடுத்தால் தாளைத் தலைகீழாகப் பிடிப்பான்.

போன வருஷம் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளைப் பையனின் கூட்டாளிகள் எங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தன் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். முழங்கை நேராக டிரம்பெட்டில் இடித்தது. அந்த இடி பின்பக்கம் வந்து, உதட்டில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் சைரனின் மேல்வரிசை முன்பல் இரண்டையும் தாக்கிவிட்டது. ஒன்று ரோட்டில் விழுந்தது. இன்னொன்று தொங்கியது, மறுநாள் பிடுங்கினார்கள். இடித்தவன் “ஸாரிண்ணே” என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆடப் போய்விட்டான்.

முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. உதட்டுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும். சுவர் இல்லையென்றால் உதடு உள்ளே போய்விடும், புஸ்ஸென்று காற்றுதான் வரும். அவனும் ஒரு வாரம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிறீர்களா என்று தங்கச்சியிடம் கேட்டாராம்.

முதலில் மலிவாக ஒரு வழி பார்த்தோம். செல்போன் கடைக்கு மேல் மாடியில் பல்செட் செய்கிற ஒருத்தர் இருந்தார். கழற்றி மாட்டுகிற பல் இரண்டு நாளில் கொடுத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதை மாட்டிக்கொண்டு ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழாவுக்கு வந்தான். இரண்டாவது பாட்டில் உச்சத்துக்குப் போனான், பல் கழன்று வெளியே பறந்தது. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் வைத்திருந்த தட்டில் போய் விழுந்தது. தட்டைப் பிடித்திருந்த அம்மா போட்ட சத்தம் எங்கள் பேண்டு சத்தத்தைவிடப் பெரிசு. நான் போய் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வேனில் திரும்பி வரும்போது மாஸ்டர், அதாவது பேண்டின் முதலாளி, கத்தவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பல்லைச் சரி பண்ணிட்டு வாப்பா. அதுவரைக்கும் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவன் நிற்கிற இடம் போகப்போகிறது.

பெரிய ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார். பக்கத்துப் பற்களும் இடியில் ஆடிப்போயிருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு பாலம் மாதிரிப் பல் கட்ட முடியாது. தாடை எலும்பில் இரண்டு திருகு இறக்கி அதன்மேல்தான் பல் வைக்கவேண்டும். விலையைக் கவுண்டரில் இருந்த பெண் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஒரு பல்லுக்கு என் நாலு மாதச் சம்பளம்.

“தவணையில கட்டலாம் சார்” என்றாள்.

“ஏம்மா, இந்தக் காசுக்கு ரெண்டு டிரம்பெட்டும் ஒரு பழைய வண்டியும் வாங்கிடலாமே” என்றான் சைரன்.

“வண்டி ஓட்டப் பல்லு வேணாம்ல, ஊதத்தானே வேணும்” என்றாள் அவள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

இன்னோர் இடத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். காலையில் திருகு, சாயங்காலம் பல், பாதி விலை. நான் முப்பது வருஷமாகத் திருகுக்கு மரை போடுகிறவன். அந்தத் திருகைக் காட்டுங்கள் என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் போனில் ஒரு படம் காட்டினான்.

“பொருளக் கேட்டா போட்டோ காட்டறீங்களே.”

“வாயில போடறது சார், கையில எல்லாம் தரக்கூடாது.”

“சரி, அது வந்த டப்பாவையாவது காட்டுங்க. எந்தக் கம்பெனின்னு பாக்கறேன்.”

“டாக்டர் வந்ததும் காட்டுவார் சார்.”

டாக்டர் வந்தார். டப்பா வரவில்லை. சைரனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். “எல்லாத்துலயும் நீ மூக்க நுழை மச்சான், எனக்குச் சாயங்காலமே பல்லு வந்திருக்கும்” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான். மூன்று வாரத்தில் ஆறு இடம் ஏறி இறங்கினோம். விலை கட்டுப்படியான இடத்தில் பொருள் சரியில்லை, பொருள் சரியான இடத்தில் விலை நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் வழி சொன்னது தங்கச்சி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அங்கே ஒரு டீச்சர், பல் டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். ஊருக்கு வெளியே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலை ஏழு மணிக்கு டோக்கன். நீள பெஞ்சில் ஆளாளுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டர் பெண். ஏற்கெனவே டாக்டர்தான், மேற்படிப்பு படிக்கிறவள். அவளுக்குப் பரீட்சைக்கு முன்னால் இத்தனை பேருக்குத் திருகு வைத்துக் காட்டவேண்டும் என்று கணக்கு இருந்தது. அதனால் வைத்தியத்துக்குக் காசில்லை, பொருளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். திருகு இருந்த டப்பாவை நான் கேட்பதற்கு முன்பே எடுத்து மேஜையில் வைத்தாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“ஆனா திருகு வெச்சதுலேருந்து நாலு மாசம் நீங்க ஊதக்கூடாது” என்றாள்.

“ரெண்டு மாசம் வெச்சுக்கலாமா டாக்டரம்மா?”

“காய்கறிக் கடையா இது? எலும்பு வந்து திருகச் சுத்திப் பிடிக்கணும். அதுக்கு முன்னாடி அசைஞ்சா பிடிக்காது, கழண்டுடும். அப்புறம் உங்க பல்லும் போச்சு, என் பரீட்சையும் போச்சு.”

சைரன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. எனக்கு இது தெரிந்த சங்கதி. மிஷினை நிறுத்தத் தரையில் போல்ட் நட்டுக் கான்கிரீட் போடுவோம். அது இறுகுவதற்குள் மிஷினை ஓட்டினால் போல்ட் ஆடும், அதோடு மிஷின் ஆயுசுக்கும் ஆடும். அதைத்தான் சொன்னேன்.

“ரெண்டு பேரும் சேந்து என் வாய்க்குள்ள மிஷின் நிறுத்தறீங்க, பேசுங்க பேசுங்க” என்றான். ஆனாலும் சரி என்று தலையாட்டினான்.

நாலு மாதம் வருமானம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? அதற்கு மாஸ்டர் ஒரு வழி சொன்னார். வெளியாட்களுக்குத் தெரியாது, இதை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபது பேர் வரிசையாகக் கோட்டுப் போட்டு வந்தால் அதில் நிஜமாக வாசிக்கிறவர்கள் பன்னிரண்டு பேர்தான். மிச்சம் டம்மி. கையில் வாத்தியம் இருக்கும், கன்னம் உப்பும், சத்தம் வராது. கல்யாண வீட்டுக்காரர்கள் தலையைத்தான் எண்ணுவார்கள். டம்மிக்குப் பாதிச் சம்பளம். இருபத்தைந்து வருஷமாக டம்மிகளை “கோட்டு மாட்டுற ஆணி” என்று கேலி பண்ணினவன் சைரன். இப்போது அவனைக் கடைசி வரிசையில், எங்களுடைய மூத்த டம்மியான பழைய பேப்பர் கடைக்காரர் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவன் இடத்தில் வேறு ஊரிலிருந்து வந்த ஒருத்தன் நின்றான். சுமாராக ஊதினான். சைரன் தப்பை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்து வேனில் எனக்கு ஒப்பிப்பான்.

திருகு இறக்கி இரண்டரை மாதம் போனது. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வரச்சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். டாக்டர் பெண் ஒரு குச்சியால் மெல்லத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். முகம் மாறியது.

“ஊதுனீங்களா?”

“இல்ல டாக்டரம்மா.”

“உண்மையச் சொல்லுங்க. இடது பக்கம் ஆடுது. ஈறு சிவந்திருக்கு.”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா ஊதல.”

அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பஸ்ஸில் வைத்தே கத்தினேன். “திருட்டுத்தனமா ஊதிட்டு சத்தியம் வேற பண்றியா? அந்தப் பொண்ணு படிப்பையும் கெடுத்துட்டியேடா.” வீட்டில் தங்கச்சி டிரம்பெட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். “வேலைக்குப் போறப்ப அண்ணன் வந்து எடுத்துக் குடுப்பாரு” என்றாள். ஒரு குடும்பஸ்தனை அதற்குமேல் கேவலப்படுத்த முடியாது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அடுத்த ஊர்வலத்தில் நான் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அவன்மேல் கண் வைக்கத்தான். கண் வைத்துப் பார்த்தேன், காது வைத்தும் பார்த்தேன். சத்தியமாக அவன் ஊதவில்லை. ஆனால் ஊதுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தான். விரல் ஒவ்வொரு கட்டையையும் சரியாக அழுத்தியது. பாட்டு மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைத்தது. மவுத்பீஸை உதட்டில் வைத்து, உச்சத்துக்கு எவ்வளவு அழுத்துவானோ அவ்வளவு அழுத்தினான். பாட்டு முடிந்து எடுத்தபோது உதட்டில் வெள்ளையாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு நேர் பின்னால்தான் இரண்டு திருகும் இருந்தன. இரண்டரை மாதமாக, ஊர்வலத்துக்கு இருபது பாட்டு, இப்படியே.

“டேய், எதுக்குடா அழுத்தற?”

“எங்க அழுத்தறேன்?”

அவனுக்கே தெரியவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்து, அப்படியே நடுரோட்டில் நின்றுவிட்டான். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

பேப்பர் கடைக்காரர்தான் கேட்டார். “நீ வாயில வெச்சுக்கிட்டா நிக்கற? ஐயோ, பன்னெண்டு வருஷமா நான் இதுல எச்சில் படுத்தினதே இல்லப்பா. நடுவுல ஒரு தீக்குச்சி நுழையற அளவு இடம் விடணும். கன்னத்த மட்டும் உப்பு. கண்ண மூடிக்கோ. நாலு அடிக்கு ஒரு தடவை நெத்தியத் தொடை, பாக்கறவன் பாவம்னு நெனப்பான்.”

“விரலு?”

“விரல எவன் பாக்கறான்? சும்மா தட்டு.”

இதைக் கற்றுக்கொள்ள அவன் பட்ட பாடு சின்னப் பாடு இல்லை. பாட்டு காதில் விழுந்தால் தலை தானாக முன்னால் போகும். பேப்பர் கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்து “தீக்குச்சி, தீக்குச்சி” என்று முணுமுணுப்பார். கடைசியில் நானே பட்டறையில் முள் நீட்டிய ஒரு வளையம் கடைந்து மவுத்பீஸின் விளிம்பில் மாட்டிக் கொடுத்தேன். கிட்டே போனால் குத்தும். அதற்கப்புறம் வழிக்கு வந்தான்.

நடந்ததை டாக்டர் பெண்ணிடம் போய்ச் சொன்னோம். முதலில் சிரித்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இடது திருகைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டாள். ஆறவிட்டுப் புதிசாக வைத்து, மறுபடி நாலு மாதம். அந்தப் புதுத் திருகுக்கு எங்களிடம் அவள் காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்திப் பார்த்தேன், “போய் உங்க லேத் வேலையப் பாருங்க” என்றாள். பரீட்சைக்கு வந்த பெரிய டாக்டரிடம் கழன்ற திருகையும் மறைக்காமல் காட்டினாளாம். ஏன் கழன்றது என்று அவர் கேட்க, சைரனைக் கூப்பிட்டு நிறுத்தி, ஊதாமல் ஊதிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சைரனின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாராம். அவள் பாஸ் ஆகிவிட்டாள்.

எல்லாம் சேர்த்துப் பத்து மாதம் ஆனது. இரண்டு பல்லும் வைத்து முடித்த அன்றைக்கு அவள் சொன்னது: முதல் மாதம் ஒரு நாளைக்கு மூன்றே பாட்டு, அதற்குமேல் மெல்ல மெல்ல.

முதல் வேலை ஒரு கல்யாண ஊர்வலம். மாஸ்டர் அவனை முன்வரிசையில், புது ஆள் பக்கத்தில் நிறுத்தினார். பழைய இடம் இல்லை, அதற்குப் பக்கத்து இடம். முதல் பாட்டில் சத்தம் கொஞ்சம் பிசிறடித்தது. இரண்டாவதில் தெளிந்து வந்தது. மூன்றாவதில், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புது ஆள் டிரம்பெட்டை இறக்கிக்கொண்டு அவனையே பார்த்தான். எனக்கு டிரம்மில் அடி ஒன்று தப்பியது.

கல்யாண வீட்டுக்காரர் ஓடிவந்து, “இவரே இன்னொண்ணு ஊதட்டும்” என்றார். மாஸ்டர் சைரனைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணுப்பா. உன் எடமே உனக்குத் திரும்பி வந்துடும் போலிருக்கு.”

“மூணுதான் சொல்லியிருக்காங்க மாஸ்டர்.”

“அட, யாரு பாக்கப் போறா?”

“எலும்பு பாக்கும்” என்று சொல்லிவிட்டு, டிரம்பெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையை விட்டு ஓரமாக வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். மாஸ்டர் என்னை முறைத்தார், என் வளர்ப்பு சரியில்லை என்பதுபோல. நான் புது ஆளுக்குத் தாளம் எடுத்துக் கொடுத்தேன். ஊர்வலம் நகர்ந்தது.