அம்பு ஒட்டிய கடிதம்

குழந்தையைப் பற்றிப் புகார் வந்து ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அங்கே கண்டதையும் எனக்குத் தோன்றியதையும் அவர்களுக்கே கடிதமாக எழுதிக் கொடுப்பேன். குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுதுவது அதற்குப் பிறகுதான். "மேடத்துக்கு வேற வேலையே இல்லீங்க" என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். எனக்கோ என் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நான் சொல்ல வந்த பெண் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கணவர் இல்லை. நல்லூரில் ஒற்றை அறை வீடு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் உருப்படியில் ஓட்டை, கறை, தையல் பிசகு கண்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். எட்டு வயது மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு சாயங்காலம் போனபோது அந்தக் குழந்தையே ஜன்னல் வழியாக, "கதவு பூட்டியிருக்கு, அம்மா வந்தாத்தான் திறக்கணும்" என்றது. குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்புவதா, தாயிடமே விடுவதா என்பது என் அறிக்கையைப் பொறுத்தது.

தாய்க்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோது கடிதத்தைத் திருப்பி நீட்டினார். இரண்டு இடத்தில் அம்பு ஒட்டியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

முதல் அம்பு, 'குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள்' என்ற இடத்தில்.

"பூட்டு உள்பக்கம் மேடம், பள்ளிக்கூடம் விட்டு வந்து புள்ளதான் பூட்டிக்கும். சாவி புள்ள கழுத்துலதான் கெடக்கு. யாரு வந்தாலும் திறக்காதன்னு சொல்லிருக்கேன். தீ கீ புடிச்சா அதுவே திறந்துட்டு ஓடிரும்."

சாவி யாரிடம் என்று நான் கேட்கவே இல்லை. என் அனுபவத்தைத் தூக்கிக் குப்பையில் போடலாம்.

இரண்டாவது அம்பு, நான் ரசித்து எழுதிய வரியில்: 'நீங்கள் துணிச்சலான தாய்.'

"ஏனுங்க, இதுல என்ன தப்பு?" என்றேன்.

"புள்ள நாலரைக்கு வந்துரும். நா வர எட்டாவும். அதுவரைக்கும் பயந்துக்கிட்டே கடிகாரத்தத்தான் பாத்துக்கிட்டிருப்பேன் மேடம். துணிச்சல்காரின்னு எழுதிட்டா, இவளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு விட்ருவாங்கள்ல?"

தனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பிசகு கண்டுபிடித்த ஒருவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. குழந்தை தாயிடமே இருக்கட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். குழுவும் ஒப்புக்கொண்டது. பக்கத்துத் தெரு மாலைநேர மையத்தில் இடம் கிடைத்தது.

கடிதத்தையும் திருத்தி எழுதிக் கொண்டுபோனேன். பனியனைப் பார்ப்பதுபோலவே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். 'நீங்கள் தினமும் பயந்துகொண்டே வேலைக்குப் போகிறீர்கள்' என்ற வரியில் விரல் நின்றது. மறுபடியும் அம்புதான் என்று நினைத்தேன். அவர் அழுதுவிட்டார்.