நீர் மாத்திரை மட்டும் குறையவில்லை

மாமனார் இதய நோய்க்குப் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள். கால் வீக்கம் வற்றவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது.

இன்று இதைச் சொன்னதும் மருந்துக்கடை அண்ணாச்சி மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"நீர் மாத்திரை ஒண்ணுகூடக் குறையலையே, தாயி?"

கடையிலிருந்தே மாமனாருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர்தானே தண்ணியைக் குறைக்கச் சொன்னாவ. பெறவு நீர் மாத்திரை எதுக்கு?"

அண்ணாச்சி போனை வாங்கினார். "நல்லா யோசிச்சிய போங்க! உடம்புல தேங்குன தண்ணியை வெளியேத்துற மாத்திரைல்லா அது. இப்பவே டாக்டரைப் போய்ப் பாருங்க."

போய், ஊசி போட்டு, இப்போதுதான் வந்தோம்.

தினமும் "மாத்திரை போட்டாச்சா மாமா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்பார்.

என் ரெண்டு வயசு மகனிடம் என்றால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவேன். மாமனாரிடம் எப்படிச் சொல்ல? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.