தகரக் கட்டியில் ஒரு பிடி அரிசி

சென்ற மாதம் என் அண்ணன் காலமானார். இரங்கல் கூட்டத்துக்குக் குறிப்புகள் கேட்டார்கள். பிறந்தது கேமரன் மலைத் தோட்டம், முதல் வேலை தேயிலைத் தொழிற்சாலையில் பழைய தகரம் நசுக்கியது என்று எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் விட்டது இது.

மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்த காலம். காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று கடையில் பால் டின்னைக்கூடத் துளையிட்டுத்தான் விற்பார்கள். காலி டின்னையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் துரை தாமாகச் சேர்த்துக்கொண்ட விதி. லாரிகள் பட்டாளக் காவலோடுதான் அடிவாரத்துத் தாப்பா நகருக்கு இறங்கும். அவற்றில் இடம் அரிது. ஆகவே தேயிலைப் பெட்டிகளின் தகர விளிம்பு, கிழிந்த ஈயத்தாள், தொழிலாளர் லயத்து டின்கள் எல்லாவற்றையும் திருகு இயந்திரத்தில் இட்டுத் தலையணை அளவுக் கட்டிகளாக இறுக்க வேண்டும். அப்பா இறந்தபின் அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. லயத்து வீடு எங்களிடம் தங்கியதும் அதனால்தான். அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. நீண்ட கைப்பிடியின் ஒரு முனையை அவர் தள்ள, மறுமுனையில் நான் தொங்குவேன்.

"இழுடா பயில்வான். நீ இல்லாட்டி துரை இந்த ஃபேக்டரியவே மூடிருவாருலா!"

மூடிவிடுவார் என்றே நானும் நம்பினேன்.

அப்போது நான் ஒரு புறாக் குஞ்சு வளர்த்தேன். பங்கீட்டு அரிசியில் அதற்குப் பங்கில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். ஒரு பிடி திருடி, பால் டின்னில் போட்டு, எலி புகாதபடி வாயை மடக்கி, வீட்டின் பின்புறம் தொழிற்சாலைக்குப் போகக் குவித்திருந்த காலி டின்களுக்குள் ஒளித்தேன். யாரும் தேடாத இடம் என்ற என் கணிப்பு சரியானதுதான். மறுநாள் நான் பள்ளியில் இருந்தபோது, அண்ணன் தேடாமலே குவியல் முழுவதையும் அள்ளிப் போய் நசுக்கிவிட்டார்.

அன்று பிற்பகல் தோட்டத்து வாசலில் லாரியைச் சோதித்த மலாய் சார்ஜன், லாரிமேல் நின்ற அண்ணனிடம் கட்டிகளைக் கீழே தள்ளச் சொன்னார். ஒன்றின் மூலை பிளந்து, குருணையாக அரிசி கொட்டியது. கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்களிடையே அம்மாவும், பள்ளி விட்டு வந்த நானும் இருந்தோம். அரிசியை வெளியே கொண்டுபோனால் சிறை. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவதும் உண்டு.

"பெராஸ் சியாப்பா புன்யா?" யாருடைய அரிசி என்று சார்ஜன் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தைத் தம் சேலையோடு அழுத்திக்கொண்டார். அண்ணன் என் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"சாயா புன்யா, துவான்."

என்னுடையதுதான் என்றார். வேலையில் பசித்தால் மெல்வதற்கு ஒளித்து வைத்ததாகவும் சொன்னார். அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் ரிங்லெட் போலீஸ் நிலையத்துக்கு இறங்கியது.

துரை பேசியதில் மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"பல்லு வலிடா," என்றார். அம்மா வைத்த சோற்றை என் பக்கம் தள்ளினார். "நீ தின்னு. அங்க தெனம் கோழிக் கறிச் சோறுலா. வயிறு இன்னும் ரொம்பித்தான் கெடக்கு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. என் அரிசிக்குக் கிடைத்த விருந்து அது. முறைப்படி ஜீப்பில் போயிருக்க வேண்டியவன் நான். ஒரு துண்டுகூட எனக்கென்று எடுத்துவரத் தோன்றவில்லையே என்று, அவரோடு ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் பங்குச் சோற்றையும் முழுவதுமாகத் தின்று முடித்தேன்.