பூஜையில் இருந்த ஸ்பானர்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கார்ச் சக்கரத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் புதுப் பெயிண்டும் சந்தனமும் சேர்ந்த வாசனை எங்காவது வந்துவிட்டால், அன்றைக்கு என்னால் வேறு எதையும் நினைக்க முடிவதில்லை.

வெள்ளைக்காரன் காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை, பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. என் மனைவியின் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பழைய வாடகைக் கார் வைத்திருந்தோம். மச்சான் ஓட்டுவார், ரிப்பேர் என் பொறுப்பு. ஆவடி ஸ்டேஷனில் இறங்கிப் பூந்தமல்லி போகிறவர்களை ஏற்றிக்கொள்வோம். ஜட்கா குதிரை வண்டிகள் போக, ஸ்டேஷன் வாசலில் ஒரு கார் நிற்கத்தான் இடம். அந்த இடத்துக்கு இன்னொரு வாடகைக் காரும் போட்டி. அதை ஓட்டியவர் ஆவடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர்.

தினமும் வாய்ச்சண்டை. கடைசியில் மச்சானும் அவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சென்னீர்குப்பத்தைத் தாண்டி ரோடு நேராகப் போகும் இடத்தில் இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்ப வேண்டும். ஒரு பனைமரம்தான் எல்லை. அதை முதலில் தாண்டுகிற காருக்கு ஸ்டேஷன் வாசல். தோற்றவர் பூந்தமல்லியில் நின்று கிடைத்த சவாரியை எடுத்துக்கொள்ள வேண்டும். ரயில் சவாரி போய்விட்டால் மச்சான் வீடு, என் வீடு இரண்டுக்கும் கஷ்டம்தான்.

நின்ற இடத்திலிருந்து ஒரே மிதியில் கிளம்பினால், பின்சக்கரத்து ஸ்டட்டுகள்தான் அத்தனை முறுக்கையும் தாங்க வேண்டும். சக்கரத்தை பிரேக் டிரம்மோடு சேர்த்துப் பிடிக்கிற மரை போட்ட இரும்புகள் அவை. அவற்றின்மேல்தான் நட் ஏறும். எங்கள் வண்டியில் சில ஸ்டட்டுகள் கழுத்தில் இளைத்திருந்தன. பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய்க் குவியலில் உட்கார்ந்து பொறுக்கினேன். மச்சானுக்குப் பளபளப்பானவைமேல்தான் கண். நான் ஒவ்வொன்றிலும் நட்டை விரலாலேயே அடிவரை ஓட்டிப் பார்த்தேன். வழியில் பிடித்தால் ஒதுக்கிவிட்டேன். நட் முழுக்க ஏறியபின் மரை கொஞ்சம் வெளியே தெரிகிற நீளமும் வேண்டும்.

“இன்னா மாப்ளே, பொண்ணு பாக்க வந்தாப்ல பாத்துகினு கீறே?” என்றார் மச்சான்.

“உங்க தங்கச்சிய பாக்கசொல்லோ தலையே நிமிரல மச்சான்” என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

புது ஸ்டட் போட்டால் நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு தரம் முடுக்க வேண்டும். அந்த இன்னொரு தரத்துக்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

ரோடு காலியாக இருக்கும் என்று ஆயுத பூஜை நாளைப் பந்தயத்துக்குக் குறித்திருந்தார்கள். முந்தின நாள் மச்சான் வருஷா வருஷம் செய்வதுபோல் சக்கரங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். நட் உட்காரும் இடத்திலும் கெட்டியாகவே அடித்திருந்தார். சக்கரங்களை மாட்டி முடுக்கினோம். காலையில் காருக்கு மாலை போட்டு, ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஸ்பானர்களைக் கழுவி சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. எலுமிச்சம்பழத்தை நசுக்கித் தெருக்கோடி வரை ஓட்டி வந்தபோது, ஒரு நட்டின்மேல் சந்தனம் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்தேன். அடியில் பெயிண்ட் நசுங்கி, நட் இளகுகிறது என்று புரிந்தது.

“மச்சான், ஒரு தரம் முடுக்கிடலாம்.”

“ஸ்பானர் பூஜைல கீது மாப்ளே. சாமி முன்னாடி வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்.”

எனக்கும் அதை எடுக்கக் கை வரவில்லை.

பந்தய இடத்தில் இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒரு ஜட்காக்காரர் துண்டை வீசினார். கிளம்பியதுமே நாங்கள் முந்திவிட்டோம். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பனைமரம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம்.

“நிறுத்துங்க மச்சான். சக்கரம் கழண்டு பூடும்” என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். ஏன் என்றுகூடக் கேட்காமல் அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். ஆவடிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கையாலேயே சுழன்றன. நல்லவேளையாக ஸ்டட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சான் ரோட்டோரம் உட்கார்ந்து பனைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவடிக்காரர் திரும்பி வந்தார். “இன்னா அண்ணாத்தே, மாலை கனம் தாங்கலயா?”

நான் நட்டைச் சுழற்றிக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

“ஸ்பானர் எங்கே?”

“பூஜைல” என்றேன்.

அவர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தார். “உங்க ஊட்டு ஸ்பானருக்கு இன்னிக்கு லீவு. என்னுதுக்கு இல்ல. புடி நைனா.”

வாங்கிக்கொண்டு மச்சானைப் பார்த்தேன்.

“அவரு ஸ்பானர்தானே? முடுக்கு” என்றார்.

கடைசி நட் முடுக்கும்வரை ஆவடிக்காரர் கூடவே குந்தியிருந்தார். பிறகு, “இன்னொரு தரம் ஓட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“மரத்த நீதான் தாண்டினே. பேச்சு பேச்சுதான்” என்றார் மச்சான்.

மறுநாள் பூஜையிலிருந்து ஸ்பானரை எடுத்து, சக்கரங்களைக் கழற்றி, நட் உட்காரும் இடத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். காலை ரயிலுக்கு ஸ்டேஷன் வாசலில் ஆவடிக்காரரின் கார் நின்றது. நாங்கள் பூந்தமல்லியில் நின்றோம்.